இரண்டு டொலர் தாள் போகிற இடைவெளி

ரொறன்ரோவின் மல்வேர்னில் அந்தக் காலத்தில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணியோடு ஒரு வீடியோவும் வரும். சாமத்திய வீடு, கலியாண வீடு, மூத்தவனின் முதலாவது பிறந்தநாள் என்று ஏதாவது ஒன்றைப் போட்டுவிட்டு, நாங்கள் ஒழுங்காகப் பார்க்கிறோமா என்று எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் பக்கத்து வீட்டில் மட்டும் வீடியோ கிடையாது. அங்கே துவக்குக் காட்டுவார்கள்.

பயந்துவிடாதீர்கள். மான் வேட்டைக்கான றைபிள். வகுப்புக்குப் போய், சோதனை பாஸ் பண்ணி, முறையாக லைசென்ஸ் எடுத்து வாங்கியது. சுடுவதற்கு வேண்டிய போல்ட்டை அந்த வீட்டுக்காரர் கழற்றி ஒரு பெட்டியில் பூட்டியிருப்பார். குண்டுகள் வேறொரு பெட்டியில். மிச்சத்தை, பிள்ளை பார்க்க வந்தவர்களுக்குப் பிள்ளையைக் கொண்டுவருவதுபோல இரண்டு கையாலும் ஏந்தி வந்து, சாப்பாட்டு மேசையில் துவாய் விரித்துக் கிடத்துவார். பிறகு சேட்டுப் பொக்கற்றிலிருந்து ஒரு இரண்டு டொலர் தாளை எடுப்பார்.

துவக்கின் இரும்புக் குழல் ஒரு மரக்கட்டையில் படுத்திருக்கும். சோங்கு என்பார்கள். குழலுக்கும் சோங்குக்கும் நடுவில் அந்தத் தாளைச் செருகி, நுனியிலிருந்து பின்பக்கம் வரை மெல்ல இழுப்பார். தாள் எங்கும் தடக்காமல் வழுக்கிக்கொண்டு வரும்.

“பாத்தியளே? ஒரு இடத்திலயும் முட்டேல்லை.”

வந்தவர்களும் ஒருமுறை இழுத்துப் பார்க்கவேண்டும். வேண்டாம் என்று தப்ப முடியாது. என் மனுசன் எத்தனையோ தரம் இழுத்திருக்கிறார். ஒவ்வொரு தரமும் “முட்டேல்லைத்தான் அண்ணை” என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வருவார்.

அவருடைய பெயரை எழுதமாட்டேன். எழுதினால் ரொறன்ரோவில் யாராவது என்னோடு சண்டைக்கு வருவார்கள், எனக்கு இப்போது அந்தத் தெம்பு இல்லை. எங்கள் ரவுன்ஹவுஸ் வரிசையில் எல்லோரும் அவரை மான் அண்ணை என்றுதான் சொன்னோம். அவர் மான் சுட்டவர் என்பதால் அல்ல. சுடப்போகிறேன் என்று சொன்னவர் என்பதால்.

அவர் வேலை செய்த இரும்புத் தொழிற்சாலையில் வெள்ளைக்காரர்கள் வருடா வருடம் நவம்பரில் வடக்கே மான் வேட்டைக்குப் போவார்கள். பென்சன் எடுத்துப் போன ஒரு போர்மன் தன் பழைய றைபிளை இவருக்கு விற்றுவிட்டுப் போனார். துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி வந்த சனம் நாங்கள். துவக்குச் சத்தம் கேட்டால் நித்திரை வராது என்று அகதி விசாரணையில் சொல்லி கார்ட் எடுத்த மனிதர், கார்ட் வந்ததும் வாங்கிய முதல் பெரிய சாமான் துவக்கு. இதை நான் அவரிடம் நேரே கேட்டிருக்கிறேன்.

“தங்கச்சி, அங்க துவக்கு என்னைப் பாத்துக்கொண்டு நிண்டது. இஞ்ச நான் துவக்கைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்” என்றார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு கிழமை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு விசாரித்தால், இதே வசனத்தை அவர் எங்கள் வரிசையில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார்.

முதல் வருடம் வேட்டைக்குப் புறப்படும்போது, “வாற கிழமை எல்லார் வீட்டிலயும் மான் இறைச்சி” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் உண்மையாகவே மிளகு வறுத்து இடித்து வைத்தேன். நனைந்த உடுப்போடும் மூக்கொழுகும் தடிமனோடும் வெறுங்கையோடும் திரும்பி வந்தார்.

“மான் ஒண்டும் வரேல்லையோ அண்ணை?” என்றார் என் மனுசன்.

“வந்தது. வடிவா முன்னுக்கு வந்து நிண்டது. நான் சுடேல்லை.”

“ஏன்?”

“மழை. சோங்கு ஈரத்தில ஊதிப்போச்சு. ஊதின மரம் குழலை முட்டித் தள்ளினால் குண்டு எங்க போகுமெண்டு ஆருக்குத் தெரியும்? முட்டிற துவக்கால சுடுறது அந்த மிருகத்துக்குச் செய்யிற துரோகம்.”

அந்தக் குளிர்காலம் முழுக்கப் பேஸ்மென்டில் இருந்து சோங்கில் குழல் படுக்கும் வாய்க்காலைச் சான்ட் பேப்பரால் தேய்த்தார். நடுச்சுவர் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொது. இந்தப் பக்கம் நான் தோசைக்கு அரைத்துக்கொண்டிருப்பேன், அந்தப் பக்கம் அவர் சர் சர் என்று தேய்த்துக்கொண்டிருப்பார். தாள் தாராளமாகப் போகும் அளவுக்குக் குழல் விடுதலை பெற்றது. அடுத்த நவம்பரில் இன்னொரு குறை வந்தது. முன்பக்கம் மிதக்கிறதாம், பின்பக்கம் ஆடுகிறதாம். குண்டு ஏற்றுகிற இரும்பு உடம்பு சோங்குக்குள் இறுக்கமாக இருக்கவில்லையாம். அந்த மானும் தப்பியது. சுட்டுப் பழகும் றேஞ்சுக்குப் போய்ச் சுட்ட கடதாசிகளை மட்டும் கொண்டுவந்து காட்டினார். துளைகள் எனக்கு நெருக்கமாகத்தான் தெரிந்தன. அவருக்குத் திருப்தியில்லை.

வீட்டிலும் இதே சட்டம்தான். சோபா சுவரில் முட்டக்கூடாது, கதிரை மேசையில் முட்டக்கூடாது. றிச்மண்ட் ஹில் கோயிலுக்குக் கிழமை நாளில், சனம் இல்லாத நேரம் பார்த்துத்தான் போவார். ஐயர் விபூதியை உயரத்திலிருந்து போடவேண்டும், இவர் கீழே கையை ஏந்திப் பிடிப்பார். கலியாண வீட்டில் மணவறையைச் சுற்றி எல்லோரும் நெருக்கிக்கொண்டு நிற்க, இவர் மண்டபத்தின் கடைசிக் கதவடியில் சாப்பாட்டுக் கோப்பையோடு நிற்பார். சீட்டுப் பிடிக்கமாட்டார், சங்கங்களில் சேரமாட்டார். கார் ஓடப் பழகவில்லை. கேட்டால், “இஞ்சத்தைச் சனம் முட்டிப்போடும்” என்பார். வேட்டைக்குக்கூட வேலையிடத்து ஆளின் வாகனத்தில்தான் போவார், அதுவும் பின் சீட்டில் துவக்கோடு தனியாக.

“சொந்தக்காரர் எண்டிறது ஈரச் சோங்கு. ஊதிக்கொண்டு வந்து முட்டுவினம். எங்கட குறி தவறிப்போகும்” என்பது அவருடைய இன்னொரு வசனம்.

இதற்கு ஒரு காரணமும் இருந்தது. அதை அவருடைய மனைவிதான் எனக்குச் சொன்னார். நான் அவரை அக்கா என்பேன். மருந்துப் போத்தல்களுக்கு மூடி பூட்டுகிற தொழிற்சாலை ஒன்றில் இரண்டு பேரும் ஒரே லைனில் நின்றோம், ஒரே பஸ்ஸில் போய் வந்தோம். மான் அண்ணை முதன்முதல் வந்து இறங்கியது பார்க்டேலில், ஊர்ப் பெடியளால் நிரம்பிய ஒரு சின்ன அப்பார்ட்மென்டில். படுத்தால் ஒருவன் கால் மற்றவன் முகத்தில் கிடக்கும். மலசலகூடத்துக்குப் போக ஆட்களைத் தாண்டித் தாண்டிப் போகவேண்டும். இரண்டு குளிர்காலம் அப்படிக் கிடந்து, அக்காவைக் கூப்பிட்டு, இந்த வீட்டை வாங்கினவர். நான் அவரைப் பகிடி பண்ணும்போதெல்லாம் அக்கா பார்க்டேலை எடுத்து முன்னால் வைப்பார். எனக்கும் வாய் கொஞ்சம் அடங்கும். முழுக்க அடங்காது, ஏனென்றால் அந்தப் பெடியள் எல்லோரும் இப்போது நெருக்கமாக உட்கார்ந்து காட்ஸ் விளையாடுகிறார்கள், அவர்களில் ஒருவரும் துவக்குக்கு நடுவில் தாள் இழுக்கவில்லை.

அந்த வீட்டில் மேலே இரண்டு அறை. ஒன்றில் அவர், மற்றதில் அக்கா. குறட்டை என்று ஒரு காரணம் சொல்லப்பட்டது. யாருடைய குறட்டை என்று நான் கேட்கவில்லை. கீழே பேஸ்மென்டில் இருந்த நல்ல அறையில் துவக்கு மேசை.

அக்காவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை மிச்சம் இருந்தது. அவருடைய தம்பி கொழும்பில் ஒரு லொட்ஜில் கிடந்தார். முப்பது வயது. பொலிஸ் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தது. அவரை எப்படியாவது இங்கே எடுத்து, தன் வீட்டுப் பேஸ்மென்ட் அறையில் படுக்க வைக்கவேண்டும். காலமை எழும்பினால் தம்பி கீழே நித்திரை கொள்கிறான் என்ற நினைப்போடு தேத்தண்ணி ஊத்தவேண்டும். பஸ்ஸில் இதை எத்தனை தரம் சொல்லியிருப்பார்.

மான் அண்ணை மறுக்கவில்லை. அவர் எதையும் மறுப்பதில்லை.

“ஆர் வேண்டாமெண்டது? வரட்டும். பெடிங் ஒண்டு முடிஞ்சுதெண்டால் மேசையைக் கழட்டிப்போட்டு அறையைக் குடுக்கிறன்.”

பெடிங் என்றால், துவக்கின் பின்பக்க உடம்பு அசையாமல் கிடக்கச் சோங்குக்குள் எப்பொக்சிப் பசையை நிரப்பி, அதன்மேல் இரும்பை வைத்து இறுக விடுவது. பசை காயும்போது இரும்பின் அச்சு அப்படியே அதில் விழுந்துவிடும். பிறகு இரும்பைக் கழற்றித் திரும்ப வைத்தால் அணுவும் பிசகாது. முன்பக்கம் மிதக்கவேண்டும், பின்பக்கம் இறுகவேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் துவக்கு நேராகச் சுடும் என்று எனக்கு வகுப்பே எடுத்திருக்கிறார். ஆனால் தொடங்கினால்தானே முடிய. அறையின் சூடு சரியில்லை, ஈரப்பதன் கூட, மேலே யாரும் நடந்தால் மேசை அதிரும். இப்படியே போய்க்கொண்டிருக்க, ஒரு தை மாதம் தம்பி ரொறன்ரோ விமான நிலையத்தில் வந்து இறங்கிவிட்டார்.

எங்கே படுத்தார் என்று கேட்கிறீர்களா? எங்கள் வீட்டுப் பேஸ்மென்டில், எங்கள் பழைய சோபாவில். அக்காள் வீட்டுச் சோபாவில் படுக்கலாம்தான். ஆனால் ஆள் புரண்டால் அது சுவரில் முட்டுமே. “ரெண்டு மூண்டு நாளைக்குத்தான் தங்கச்சி” என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னபோது அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு அந்தரமாக இருந்தது. தம்பி நல்ல மனிதர். வந்த கையோடு ஒரு பேக்கரியில் இரவு வேலை எடுத்து, பகலில் எங்கள் சோபாவில் நித்திரை கொண்டார். அக்கா தேத்தண்ணி ஊத்தி, கோட் போட்டுக்கொண்டு, பனிக்குள்ளால் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார்.

“தங்கட வீட்டில துவக்குக்குத் தனி அறை. மச்சானுக்கு எங்கட சோபா” என்று என் மனுசன் புறுபுறுத்தார். அவர் புறுபுறுத்ததில் பிழை இல்லை.

கடைசியில் அக்கா வாய் திறந்தார் போலிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெடிங் தொடங்கியது. சட்டி ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் போன நான் பேஸ்மென்டுக்கு இறங்கினால், குப்பென்று தலைமுழுக்கு மணம். மான் அண்ணை ஒரு தேங்காய் எண்ணெய்ப் போத்தலைச் சுடுதண்ணிக்குள் வைத்து உருக்கி, விரலால் தொட்டுத் துவக்கின் இரும்பு உடம்புக்குப் பூசிக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணை, துவக்குக்கு முழுக்கு வாக்கிறியளோ?”

“பகிடியை விடுங்கோ. பசை இரும்பில ஒட்டக்கூடாது, அச்சு மட்டும் விழவேணும். அதுக்கு ஏதோ மெழுகு பூசவேணுமெண்டு பசைப் பெட்டியில போட்டிருக்கு. உவங்களுக்கு உதுதான் வேலை, பசையும் விப்பாங்கள், பசைக்கு மருந்தும் விப்பாங்கள். தங்கச்சி, பிலாப்பழம் வெட்டேக்க கையில என்ன பூசுவியள்?”

“தேங்காய் எண்ணெய்.”

“பிலாப்பால் ஒட்டுறதோ?”

“இல்லை.”

“பிறகென்ன” என்றார், கேஸ் முடிந்தமாதிரி.

உண்மையைச் சொன்னால் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். பலாப்பாலை அறிந்த எவருக்கும் எப்பொக்சியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது அடுத்த நாள்தான் தெரிந்தது.

அடுத்த நாள் இரும்பு கழன்று வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. எண்ணெய் எங்கே போனதென்று தெரியவில்லை, பசை குழல்வரை வழிந்து, இரும்பையும் மரத்தையும் கட்டிப்பிடித்துக்கொண்டது. ஒரு தாள் போக இடைவெளி வேண்டுமென்று இத்தனை வருடம் தவம் கிடந்தவரின் துவக்கு, மேலிருந்து கீழே வரை ஒரே கட்டையாகிப்போனது. சுவருக்கு அந்தப் பக்கம் றப்பர்ச் சுத்தியல் சத்தம் டும் டும் என்று கேட்கும். இந்தப் பக்கம் நானும் என் மனுசனும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். தம்பிக்குத்தான் பாவம், பகல் நித்திரை குழம்பியது.

செய்தி வரிசை முழுக்கப் பரவியது. நான் பரப்பவில்லை, இரண்டு பேரிடம்தான் சொன்னேன். “அண்ணை, அந்தத் தாளை ஒருக்கா இழுத்துப் பாப்பமே” என்று பெடியள் தெருவில் கேட்டார்கள். அவர் மஃப்ளரை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு போனார்.

வேலையிடத்தில் யாரோ வழி சொல்லியிருக்கிறார்கள். கடும் குளிரில் வைத்தால் இரும்பு சுருங்கும், பசை பிடியை விடும். அவர்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டிக்குள் துவக்கு வைக்க நீளம் காணாது. வெளியே பனிக்குள் வைத்தால் எதிர்வீட்டு வெள்ளைக்காரி பொலிசைக் கூப்பிடுவாள். முழு ஆடு வாங்கிப் பங்கு போடுவதற்காக நாங்கள் வாங்கிய நீளமான டீப் பிறீசர்தான் ஒரே கதி. சனிக்கிழமை காலமை கதவு தட்டுப்பட்டது. இத்தனை வருடத்தில் அவர் எங்கள் வாசல்படி மிதித்தது அதுதான் முதல் தடவை. கறுப்புக் குப்பைப் பையால் சுற்றிய துவக்கை அணைத்துக்கொண்டு நின்றார்.

“தங்கச்சி, ஒரு சின்ன இடம் வேணும்.”

“இடமோ? எங்கட பேஸ்மென்டிலயோ?” என்று கேட்டேன். அவருக்கு விளங்கியது. பையை இன்னும் இறுக்கி அணைத்தார்.

விளைமீனுக்கும் ஆட்டுக்காலுக்கும் நடுவில் துவக்கைப் படுக்க வைத்தோம். வைத்துவிட்டுப் போவார் என்று பார்த்தால், போக முடியாதாம். அடுத்தவர் வீட்டில் துவக்கைக் காவல் இல்லாமல் விட்டுப்போனால் லைசென்ஸ் போய்விடுமாம். பிறீசரடியில் காவல் இருக்கவேண்டும். இருப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? ஒரே ஒரு சோபா. அதில் தம்பி இரவு வேலை முடிந்து வந்து குறண்டிப் படுத்திருந்தார்.

மான் அண்ணை முதலில் நின்றார். பிறகு சோபாவின் கடைசி விளிம்பில், உட்கார்ந்தும் உட்காராததுமாக ஒட்டிக்கொண்டார். நான் தேத்தண்ணியோடு இறங்கியபோது தம்பி நித்திரையில், “அத்தான், கொஞ்சம் தள்ளுங்கோ, கால் விறைக்குது” என்று முனகிவிட்டு இரண்டு காலையும் நீட்டிப் போட்டார். காலுறை போட்ட இரண்டு கால்களும் அத்தானின் மடியில் போய் விழுந்தன. மான் அண்ணை அசையவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தார்.

“வசதியா இருக்கோ அண்ணை? எங்கயும் முட்டுதோ?” என்று கேட்டேன். கேட்காமல் விட என்னால் முடியவில்லை.

மத்தியானம் வரை அப்படியே இருந்தார். நான் இரண்டாம் தரம் எட்டிப் பார்த்தபோது அவருடைய ஒரு கை அந்தக் கால்களின்மேல் கிடந்தது. பிறகு துவக்கை வெளியே எடுத்தார்கள். தம்பி சோங்கைக் கட்டிப்பிடித்தார், அத்தான் குழலைப் பிடித்தார், என் மனுசன் சுத்தியலால் பக்குவமாகத் தட்டினார். அக்காவும் வந்து படிக்கட்டில் நின்றார். டக் என்று ஒரு சத்தம். இரும்பு வேறு, மரம் வேறாக வந்தது. இரண்டு பேரும் பின்பக்கமாகப் போய் விழப் பார்த்து, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த மனிதர் சிரித்து நான் அன்றுதான் கண்டேன். தம்பியின் தோளில் இரண்டு தரம் தட்டினார். அக்காவின் கண் கலங்கியது. எனக்கும்தான். முடிந்தது, இன்றைக்குப் பின்னேரமே மேசையைக் கழற்றிவிடுவார் என்று நம்பினேன்.

அவர் டோர்ச் லைற்றை அடித்துப் பசைக்குள் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“குமிழ்” என்றார்.

பசைக்குள் காற்றுக் குமிழ் ஒன்று விழுந்திருந்தது. மிளகளவு இருக்கும்.

“இதைச் சுரண்டி எடுத்துப்போட்டுத் திரும்பப் போடவேணும்.”

“அப்ப அறை?” என்று அக்கா படிக்கட்டிலிருந்து கேட்டார்.

“அவசரப்பட்டால் எல்லாம் பிழைச்சுப்போகும்.”

எனக்கு அந்தத் துவக்கை வாங்கி அவருடைய தலையில் போடவேண்டும் போலிருந்தது. தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் போர்வையை மடிக்கத் தொடங்கினார். அக்கா படியிறங்கி வந்தார். தேத்தண்ணிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு மேலே போனார்.

திங்கட்கிழமை பஸ்ஸில் அக்கா யன்னலைப் பார்த்தபடி கதைத்தார். “முன்பக்கம் ஒண்டிலயும் முட்டாமல் மிதக்கவேணுமெண்டால் பின்பக்கத்தை ஒண்டு இறுக்கிப் பிடிச்சிருக்கவேணுமாம், என்ன?”

“ஓம், எனக்கும் சொன்னவர்.”

“இவ்வளவு நாளும் அந்தப் பின்பக்கம் ஆரெண்டு நினைச்சவர்?”

நான் எட்டி மணிக்கயிற்றை இழுத்தேன், எங்கள் தரிப்பிடம் வந்திருந்தது.

பங்குனியில் தம்பி ஒரு பஸ் தூரத்தில், உயர்ந்த கட்டடம் ஒன்றில் ஒரு அறை அப்பார்ட்மென்ட் எடுத்தார். அக்கா தம்பிக்குச் சமைத்துக் கொடுக்க இரண்டு நாள் போனார். பிறகு நாலு நாள். பிறகு குளிர்கோட்டையும் சாமிப் படத்தையும் வந்து எடுத்துக்கொண்டு போனார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. நடுச்சுவர் இருந்தும் எனக்கே ஒன்றும் கேட்கவில்லை. யாராவது விசாரித்தால் மான் அண்ணை, “தம்பிக்கு ஒத்தாசைக்குப் போயிருக்கிறா” என்பார். இரண்டு டொலருக்குத் தாள் நின்று குத்தி, அதாவது நாணயம், வந்தது அந்த வருடம்தான். எல்லோரும் தாளை மாற்றிவிட, அவர் மட்டும் தன் பொக்கற்றுத் தாளை மாற்றாமல் வைத்திருந்தார். குத்தியை விட்டு அளக்க முடியாதே.

இரண்டாவது பெடிங்கை அவர் மெழுகு வாங்கிப் பூசிச் செய்தார். குமிழ் இல்லை. அந்த நவம்பரில் மான் விழுந்தது. ஒரே வெடியாம். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதை நான் மறுக்கமாட்டேன். மண்ணிறக் கடதாசியில் சுற்றிய இறைச்சிப் பொதிகளை வீடு வீடாக வைத்தார். மணியை அடித்து, படியில் வைத்துவிட்டு, கதவு திறக்கமுதல் இறங்கிப் போய்விடுவார். எங்கள் வாசலில் மட்டும் நின்றார். கையில் இரண்டு பொதி.

“மற்றது அவவுக்கு. நீங்கள் காணேக்க குடுத்துவிடுங்கோ.”

“நீங்களே கொண்டுபோய்க் குடுக்கலாமே அண்ணை. ஒரு பஸ்தானே.”

“நான் போனால் அவைக்கு இடைஞ்சல்” என்றார்.

எங்கள் பங்கைச் சமைத்தேன். இறைச்சி நல்ல மெது. அதை ஒப்புக்கொள்ள எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அக்காவிடம் சொன்னேன். “உங்கட பிறீசரில இருக்கட்டும். எனக்குத் தரவேணுமெண்டால் அவர் வந்து கதவைத் தட்டித் தரட்டும். வந்தால் உள்ளுக்கு வரச் சொல்லுவன்” என்றார். அந்தக் கடைசி வசனத்தை அவர் சொன்ன விதம் எனக்கு மறக்கவில்லை. அப்படியே கொண்டுபோய் வேலிக்கு மேலால் மான் அண்ணையிடம் ஒப்புவித்தேன். தலையாட்டினார். மார்கழி போனது, தை போனது, பனி கரைந்தது. பொதி என் பிறீசரில், முன்பு துவக்குக் கிடந்த இடத்தில் கிடந்தது.

சித்திரையில் பிறீசரைக் கழுவவேண்டி வந்தது. இனி வைத்திருந்தால் பழுதாகிவிடும் என்று அதைச் சமைத்து, ஒரு கோப்பையில் போட்டு அவர் வீட்டுக்கே கொண்டுபோனேன். கதவைக் கொஞ்சமாகத் திறந்தார். கோப்பையைப் பார்த்தார்.

“உது அவவின்ர பங்கோ?”

“ஓம் அண்ணை. நீங்கள் வருவியளெண்டு அக்கா பாத்துக்கொண்டிருந்தவ.”

வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். அடுத்த நாள் விடிய நான் வேலைக்குப் புறப்பட, கழுவித் துடைத்த கோப்பை என் வாசல்படியில் இருந்தது. எங்கள் ஆட்கள் கோப்பையை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள், ஒரு பிடி சீனியாவது போட்டுத் தருவார்கள். இதற்குள் அந்த இரண்டு டொலர் தாள் இருந்தது. இழுத்து இழுத்து ஓரமெல்லாம் பஞ்சாகியிருந்தது. துவக்கு எண்ணெய் மணந்தது. எனக்கு வைத்ததல்ல என்று எனக்குத் தெரியும்.

அக்கா அவருடைய தரிப்பிடத்தில் வழமைபோல நின்றார். நான் பஸ்ஸின் கதவடிச் சீட்டிலிருந்து எட்டி, தாளைக் கையில் கொடுத்து, கோப்பைக்குள் இருந்தது என்று மட்டும் சொன்னேன். அவர் அதை விரித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், மூக்கடியில் பிடித்துப் பார்த்தார். பின்னால் நின்ற சனம் நெருக்கியது.

“இதைக் குடுத்து அவர் பஸ் ஏறி வந்திருக்கலாம்” என்றார்.

அப்போது பஸ்ஸுக்கு இரண்டு டொலர்தான். அக்காவின் மாதப் பாஸ் கைப்பையின் வெளிப்பொக்கற்றில் தெரிந்தது. அதை எடுக்கவில்லை. தாளை நாலாக மடித்து, சாரதிக்குப் பக்கத்தில் இருந்த காசுப் பெட்டிக்குள் போட்டார். பிறகு உள்ளே வந்து, எனக்கும் யன்னலுக்கும் நடுவில் இருந்த இடத்துக்குள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.